மாரிசெல் காட்டிய ஊர்

என் குழந்தையை மடியில் போட்டு வளர்த்த நெனிதா ஆன்ட்டிக்கு,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு உங்கள் பிசாயா மொழி தெரியாது. இத்தனை வருடமும் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். சாப்பிட்டாளா, தூங்கினாளா, காய்ச்சல் விட்டதா என்று உங்கள் வாசலில் நின்றபடி கேட்பேன். அதற்கு மேல் பேச எனக்கும் நேரமில்லை, உங்களுக்கும் கை ஒழிந்ததில்லை. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் எந்த மொழியும் புரியும் என்று நம்பித்தான் தொடங்கியிருக்கிறேன்.

முதலில் இங்கத்திய சேதி. யூனியன் சிட்டியில் உங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்திருக்கிறது. என் கம்பெனியில் லே ஆஃப் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் போன வாரம் தன் பொருட்களை ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். காவ்யா இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். விழுந்த முன்பற்கள் முளைத்துவிட்டன. கொஞ்சம் கோணல்தான். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நானும் காவ்யாவும் உங்கள் ஊருக்குப் போய்வந்தோம், ஆன்ட்டி.

காவ்யா மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவளை என் கையிலிருந்து வாங்கி, "இந்தாய்" என்று கொஞ்சினீர்கள். இந்தியன் என்பதைத்தான் சுருக்குகிறீர்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பக்கத்தில் பெண் குழந்தையைச் செல்லமாக அழைப்பது அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவளும் பேச்சு வந்ததும் உங்களை "நானாய்" என்றாள். அம்மா என்று பொருள். நான் திருத்தவில்லை. நீங்களும் திருத்தவில்லை.

உங்களுக்கு மாரிசெல் என்று ஒரு மகள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது உங்கள் தங்கை பெலேனிடம் விட்டுவிட்டு, டூரிஸ்ட் விசாவில் வந்து இங்கேயே தங்கிவிட்டீர்கள். தங்கும் அனுமதிக்கான பேப்பர்ஸ் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபோன் கார்டைச் சுரண்டி மாரிசெலுடன் பேசுவீர்கள். சில மாலைகளில் நான் வாசலுக்கு வரும்போதும் ஃபோனில் இருப்பீர்கள். "சீக்கிரம் வருவேன்" என்ற சொல்லை மட்டும் உங்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டே பிசாயாவில் நான் கற்றுக்கொண்டேன்.

போன வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை நடக்கும்போதே பெஞ்சில் சாய்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. பிரஷர் இருந்ததாம். பேப்பர்ஸ் வந்ததும் டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். உங்கள் வீட்டில் ஒன்பது நாள் மாலையில் ஜெபமாலை சொன்னார்கள். காவ்யா முன்வரிசையில் உட்கார்ந்து மணிகளை உருட்டினாள். அழவில்லை. உங்கள் உடல் விமானத்தில் ஊருக்குப் போன அன்று, "பெட்டிக்குள்ள இருட்டா இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு உங்கள் பெயரையே எடுக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

தீபாவளிக்குக் கோயம்புத்தூர் போகும் திட்டம் இருந்தது. திரும்பும் வழியில் உங்கள் ஊரான செபு தீவுக்குப் போகிறேன் என்றேன். காவ்யா அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"அங்க போய் என்ன பண்ணப் போற? அவங்க வீட்ல நமக்கு யாரத் தெரியும்? குழந்தைய வேற கூட்டிட்டு..."

"அவ அழுதே ஆகணும்ங்க. இப்படி அடக்கிட்டே இருந்தா எப்படி?"

"அதுக்கு ஸ்கூல்ல கவுன்சிலர் இருக்காங்கல்ல?"

"கவுன்சிலர் கிட்ட நெனிதா ஆன்ட்டி இல்லையே."

மறுநாள் அவரே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

மாரிசெலுக்கு ஃபோன் செய்தேன். "தாராளமா வாங்க மேடம்" என்றாள். மரியாதையான குரல், அவ்வளவுதான். விமான நிலையத்தில் எங்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் நெற்றி, உங்கள் புருவம். அவள் டூர் கைடாக வேலை செய்வதை நீங்கள் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் எங்களுக்கும் அவள் கைடாகவே இருந்துவிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கோட்டைக்குக் கூட்டிப்போனாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாக ஒரு பழைய ஸ்பானியக் கோட்டை. பவளக்கல் சுவர், மழையில் கறுத்த பாசி. "இடது பக்கம் பார்த்தீங்கன்னா..." என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் அம்மாவைப் பற்றி நான் ஆரம்பிக்கும்போதெல்லாம், "இங்க படி வழுக்கும் மேடம், பார்த்து" என்பாள்.

அங்கிருந்து சிலுவையைப் பார்க்கப் போனோம். முதன்முதலாக இந்தத் தீவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த கப்பல்காரர்கள் நட்டது. எட்டுப் பக்க மண்டபம் ஒன்றுக்குள் நிற்கிறது. மேல்கூரையில் தீவின் அந்நாளைய ராணி ஞானஸ்நானம் பெறும் சித்திரம். நோய் தீரும் என்று நம்பி ஜனங்கள் சிலுவையைச் செதுக்கிச் செதுக்கி எடுத்துப்போனதால், அதை இன்னொரு மரச்சிலுவைக்குள் வைத்து மூடிவிட்டார்களாம்.

"அப்ப நாம பார்க்கறது நிஜம் இல்லையா?" என்று காவ்யா கேட்டாள்.

"நிஜம் உள்ள இருக்கு."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"யாரும் பார்த்ததில்ல. இருக்குன்னு சொல்றாங்க, நம்பறோம்" என்றாள் மாரிசெல். காலையிலிருந்து அவள் மனப்பாடத்தில் இல்லாத ஒரு வாக்கியம் அதுதான் என்று தோன்றியது.

வழியில் எங்கோ யாரோ, "இந்தாய்!" என்று கூப்பிட்டார்கள். காவ்யா சட்டென்று திரும்பினாள். பழம் விற்கும் ஒருத்தி தன் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு குரல். அதற்கும் திரும்பினாள். உங்கள் ஊர் முழுக்க அந்தச் சொல்தான், ஆன்ட்டி. என் மகள் ஒவ்வொரு முறையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மாரிசெல் அதைக் கவனித்தாள்.

குழந்தை இயேசுவின் பசிலிக்கா தேவாலயத்தில் நீண்ட வரிசை. கண்ணாடிப் பேழைக்குள் சிவப்பு வெல்வெட் அங்கி, கிரீடம், காலில் பூட்ஸ் போட்டு ராஜாவைப் போல நிற்கிறது அந்தச் சின்னச் சிலை. ராணிக்குப் பரிசாக வந்ததாம். பல வருடங்கள் கழித்து, எரிந்துபோன ஒரு வீட்டுக்குள் சேதமில்லாமல் கிடைத்ததாம். முன்னால் நின்ற ஒரு கிழவர் கண்ணாடியில் கைக்குட்டையை ஒற்றி, மனைவியின் முழங்காலில் தடவினார். பழனியிலும் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நான் கண்ணாடியைத் தொட்டேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை.

வெளி முற்றத்தில் மெழுகுவத்தி விற்கும் பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு நிறம். நாம் வாங்கினால் போதும், நமக்காக அவர்களே மெழுகுவத்திகளை உயர்த்திப் பிடித்து, இரண்டடி முன்னால் வைத்து ஓரடி பின்வாங்கி, ஆடிக்கொண்டே ஜெபிக்கிறார்கள். வயதான ஒருத்தி காவ்யாவிடம் குனிந்து ஏதோ கேட்டாள்.

"யாருக்காகன்னு கேட்கறாங்க" என்றாள் மாரிசெல்.

காவ்யா யோசிக்கவே இல்லை. "நானாய்க்கு."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா இங்கேதானே நிற்கிறாள் என்று நினைத்திருப்பாள். "நெனிதா" என்றேன். அவள் ஆட ஆரம்பித்தாள். ஜெபத்தின் நடுவே உங்கள் பெயர் வந்தது. திரும்பவும் வந்தது. நான் மாரிசெலைப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. சுவரோரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

பக்கத்தில் போனேன். தோளைத் தொடப் பயமாக இருந்தது.

"சின்ன வயசுல நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்" என்றாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், ஆனால் அது கைடின் ஆங்கிலம் இல்லை. "நீங்க தினமும் காலைல அவங்க முகத்தைப் பார்த்தீங்க. எனக்கு வெறும் குரல். பெட்டி வந்து திறந்தப்ப, தலைக்குச் சாயம், முகமெல்லாம் பவுடர். எனக்கு அது யாருன்னே தெரியல மேடம். எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும், இது வேற யாரோன்னு நின்னுட்டிருந்தேன்."

நானும் அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நரை இருந்ததா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இருந்ததும்மா. முன்னால மட்டும் கொஞ்சம்."

"எப்படி நடப்பாங்க? எனக்கு ஞாபகத்துல இருக்கறது, ஓடி வந்து பஸ் பிடிக்கற அம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் காவ்யா எங்கள் நடுவில் வந்துவிட்டாள். "நான் காட்டறேன்" என்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள். இடது முழங்காலை மடக்காமல், செருப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு, மூச்சுக்குள் முனகியபடி நடந்தாள். நடுவில் நின்று, இல்லாத ஒரு குழந்தையைப் பார்த்து விரலை ஆட்டினாள். மறுபடி நடந்தாள். ஆன்ட்டி, அது நீங்கள்தான். அந்த முற்றத்தில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், நீங்கள்தான் நடந்துபோனீர்கள்.

மாரிசெல் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு நிற்காமல் வேறாக மாறியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்ற காவ்யாவின் முகம் கோணியது. அத்தனை மாதமும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஓடிப்போய் மாரிசெலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், என்னை அல்ல. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் காவல் நிற்பதுபோல நின்றேன். மெழுகுவத்திக்காரப் பெண் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கும் நாளில், உங்கள் கல்லறைக்குப் போனோம். அன்று ஊரே அங்கேதான் இருக்கிறது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, பாய் விரித்து, சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் உருகிய மெழுகைச் சேர்த்து உருண்டை பிடித்து விளையாடுகிறார்கள். பெலேன் உங்கள் பெயர் பொறித்த கல்லின் முன்னால் ஒரு தட்டில் பனைவெல்ல நிறத்தில் இருந்த, பிசுபிசுவென்று ஒட்டும் அரிசி இனிப்பை வைத்தார். காவ்யா அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களுக்கு வணக்கமாக நீங்கள் பழக்கியதுதான். பெலேன் அந்தக் கையை வெகுநேரம் விடவில்லை.

கிளம்பும் நாள் விமான நிலையத்தில் மாரிசெல் என்னிடம் சொன்னாள்: "நீங்க வந்தது நல்லது. ஆனா கொஞ்ச வருஷத்துக்கு வராதீங்க, ப்ளீஸ். இவளைப் பார்த்தா எனக்குப் பிடிக்குது. பார்க்கப் பார்க்கப் பொறாமையாவும் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா தாங்க முடியல."

"சரிம்மா" என்றேன்.

"ஃபோன் பண்ணலாமா? இவகிட்ட மட்டும் பேசணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் வரும். நான் எடுத்துக் காவ்யாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்தப் பக்கத்துப் பதில்கள் மட்டும் காதில் விழும். இல்லை, டீ குடிக்க மாட்டாங்க, காப்பிதான். ஆமா, இடி இடிச்சா பயப்படுவாங்க. எங்க எல்லாரையும் கட்டில்ல ஏத்திக்குவாங்க. உன் ஃபோட்டோ ஃப்ரிட்ஜ் மேல இருந்தது, யூனிஃபார்ம் போட்டது. நாங்க யாராவது தொட்டா திட்டுவாங்க.

நான் உங்களைக் காலையில் ஒரு நிமிடமும் மாலையில் ஒரு நிமிடமும் பார்த்தவள். உங்கள் முழு நாளையும் பார்த்தது இந்தக் குழந்தைதான். உங்கள் மகளுக்கு உங்களைத் தர இவளால்தான் முடியும்.

ஆனால் போன ஞாயிறு ஒன்று நடந்தது. மாரிசெல் ஏதோ கேட்டாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தேன். "என்ன பாட்டு?" என்று காவ்யா திருப்பிக் கேட்டாள். கண்ணை மூடி யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஐ டோன்ட் ரிமெம்பர்." காவ்யா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, தூங்க வைக்கறப்ப நானாய் என்ன பாடுவாங்க?" என்றாள்.

எனக்குத் தெரியாது, ஆன்ட்டி. நான் அப்போது ஆபீசில் இருந்தேன்.

குழந்தைகள் மறப்பார்கள். அது அவள் தப்பில்லை. ஆனால் மாரிசெலுக்கு இருப்பது அவ்வளவுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால் ஒன்று செய்ய ஆரம்பித்திருக்கிறேன். உங்களிடம் வளர்ந்த மற்றக் குழந்தைகளைத் தேடுகிறேன். ஹேவர்டுக்குக் குடிபோன அந்த மெக்சிகன் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் மகன் பெரியவனாகிவிட்டான், அவனுக்குப் பாட்டு நினைவிருக்கலாம். சீன இரட்டையர்களின் அம்மாவுக்குச் செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்பேன். கிடைப்பதையெல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்வேன். பாட்டு கிடைத்தால் பாட்டு. கிடைக்காவிட்டால், தேடினேன் என்பதையாவது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

காவ்யாவைப் பெற்றவள்,
உங்கள் இன்னொரு தங்கை
சாந்தி