பந்தின் கழுத்தில் மல்லிகைச் சரம்

செப். 6, சனி

காலையில் தூறல். எங்கள் கரவனின், காரால் இழுத்துப் போகும் அந்தச் சக்கர வீட்டின், உறையைக் கழற்றி உதறினேன். உள்ளே சிலந்திகளின் கூட்டுக்குடும்பம். எட்டு மாதமாக அசையாமல் நிற்கிறது, என் கணவர் சிவத்துக்குப் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து. சிவத்தின் வலக்கை இன்னும் சரியில்லை. இனிக் கார் ஓட்ட விடமாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பாலா அண்ணை கரவனைப் பார்க்க வருகிறார். பிடித்தால் வாங்குவார். ஏற்பாடு என்னுடையதுதான். மெல்பனிலிருந்து மகளும் "ஜஸ்ட் செல் இட், அம்மா" என்கிறாள். இவரோ ஜன்னலடியில் நின்று கரவனைப் பார்க்கிறார், அவ்வளவுதான். எனக்குச் சகிக்கவில்லை.

பின்னேரம் ஒரு முடிவு. வெள்ளிக்கிழமை நானே கரவனை இழுத்துக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போவது. போய்ச் சேர்ந்தால் விற்பதில்லை. முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். கரவனைக் காரில் கொழுவியதுதான் ஒருநாளும் இல்லை.

செப். 7, ஞாயிறு

வெயில். சிவம் கதிரையில், நான் தரையில். காரின் பின்னால் துருத்தி நிற்கும், கரவனைக் கொழுவும் இரும்புப் பந்தில் பழைய கிறீசும் மண்ணும் சேர்ந்து ஒரே களி. துடைத்து, துருவைத் தேய்த்து எடுத்து, புதுக் கிறீஸ்.

"தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசிற மாதிரிப் பூசும். அள்ளி அப்பாதையும்."

"எனக்கே தோசை சொல்லித் தாறியளோ?"

கரவனின் சங்கிலிகள்: வெடிப்பு இல்லை. அவற்றைக் காரோடு பிடிக்கும் கொழுக்கி ஒன்று துருப்பிடித்து இறுகல். புதிது வாங்க வேண்டும். இடப்பக்க சிக்னல் எரியவில்லை, பிளக்கைச் சுரண்டியதும் எரிந்தது. நகமெல்லாம் கறுப்பு. நாளை லைப்ரரி வேலையில் கையை எங்கே ஒளிப்பது?

செப். 10, புதன்

வேலை முடிந்து வந்து பழகினேன். புதுக் கொழுக்கி போட்டாயிற்று. ரிவர்ஸில் நான்கு தரம் பிழை. ஐந்தாம் தரம், பந்தைக் கவ்விப் பூட்டும் கரவனின் கப்ளிங் அதற்கு நேர் மேலே. கரவனின் மூக்கைத் தாங்கும் குட்டிச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி இறக்கினேன். டக்! உடம்பு சிலிர்த்தது, உண்மையாக.

"டக் எண்டது காணாது. திருப்பி உயர்த்திப் பாரும்."

சரியாகப் பூட்டியிருந்தால் காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டுமாம். எழும்பியது. பிறகு இரண்டு சங்கிலியும் கீழே குறுக்காக. தப்பித்தவறிக் கழன்றாலும் தொட்டில் மாதிரி ஏந்துமாம்.

"எப்பிடி?" என்றேன்.

"பரவாயில்லை."

இந்த மனிதரின் வாயில் பரவாயில்லை என்றால் பத்துக்கு ஒன்பது.

செப். 12, வெள்ளி

லீவு. நல்ல வெயில்.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் புறப்பட வேண்டும் என்று நான் பறந்த பறப்பு! கரவனுக்குப் பொட்டு. சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய். பூச்சரத்தைச் சிவம் எப்போதும் காரின் முன்கண்ணாடியில்தான் கட்டுவார். எனக்கோ, பாரமெல்லாம் சுமப்பது இந்தப் பந்துதானே என்று ஒரு கரிசனம். சந்தனம் தடவி, பந்தின் கழுத்தில் மல்லிகைச் சரம், இரண்டு சுற்று. அதன் மேலேயே கப்ளிங்கை இறக்கினேன். டக் கேட்டதாகத்தான் நினைப்பு. சங்கிலி குறுக்காக. மணி 10.25. உயர்த்திப் பார்க்கவில்லை.

சிவம் காருக்குள் பெல்ட்டோடு. "உயர்த்திப் பாத்தனீரோ?"

"ஓம், ஓம்." பொய்.

தேசிக்காய் நசிந்தது. வீட்டு வாசலிலிருந்து ரோட்டில் இறங்கியதும் பின்னால் ஒரு பெரிய அடி. நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தால் கப்ளிங் கழன்று, கரவனின் மூக்குச் சங்கிலிகளில் தொங்குகிறது. தரையில் படவில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. பூட்டு பிடிக்க வேண்டிய இடத்தில் நசிந்த மல்லிகையும் நூலும்.

வாசலில் குந்தியிருந்து அழுதேன். "வித்துப்போடுவம். நான் பாத்தன் எண்டு சொன்னது பொய்."

சிவம் மெல்ல இறங்கி வந்தார். சங்கிலிகளைப் பார்த்தார்.

"சங்கிலியைக் குறுக்காப் போட்டது ஆர்?"

"நான்தான்."

"அப்ப ஏன் அழுறீர்? ஜாக்கை எடும்."

பிறகு சரத்தை வெளியே இழுத்து எடுத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணலாக. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

ஜாக் வைத்துத் தூக்கினேன். பூவைச் சுரண்டி எடுத்து, துடைத்து, மறுபடி கிறீஸ். சங்கிலிகளை வளையம் வளையமாகப் பார்த்தோம், சேதமில்லை. டக். உயர்த்தினேன், கார் எழும்பியது. இன்னொரு தரம் உயர்த்தினேன். புறப்பட்டது 11.20, நடு ராகுகாலம். மிச்சப் பூ கண்ணாடியில்.

ஒன்றேமுக்காலுக்குக் கோயில் வாசல். வழியில் மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்ததில் அவ்வளவு நேரம்.

செப். 14, ஞாயிறு

கடல் காற்று. கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்ப மனமில்லை, நேரே தெற்கே வந்துவிட்டோம். கரவன்களை நிறுத்தித் தங்கும் பார்க்கில் மூன்றாம் நாள். சிவம் இடக்கையால் தேத்தண்ணி போட்டார். பாதி வெளியே. 9.20க்குத்தான் பாலா அண்ணையின் ஞாபகம். உடனே போன்.

"வெளிக்கிடப் போறன் தங்கச்சி, பத்துக்கு அங்க நிப்பன்."

"வராதேங்கோ அண்ணை. கரவன் வீட்டில இல்லை. நாங்களும் இல்லை."