நாற்பத்து நான்கு கோர்களும் ஒரு ஏசியும்

மே 6, திங்கள்

கட்டிங் ஹாலில் இன்று அடித்த அனலில், சுவரிலிருக்கும் நல்ல மேய்ப்பர் காலண்டரில் ஆட்டுக்குட்டிக்கே வேர்த்துக் கொட்டியது. என் கண்ணால் பார்த்தேன். ஆம்பூர் ஷூ உலகைத் தாங்கும் ஒரே தூணாகிய இந்தத் தேவானந்தம் மட்டும் இரும்பா?

பழைய கம்ப்யூட்டர் செத்துவிட்டது. தோலை ஸ்கேன் செய்து கொடுத்தால், ஷூவின் துண்டுகளை வீணாகாமல் அதன்மேல் அடுக்கிக் காட்டும் வேலை அதற்கு. புதியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி சத்தார் பாய் என்னிடம் கொடுத்தார். கூடவே என் தங்கை லில்லியின் மகள் ரெனிட்டாவிடமும். கம்ப்யூட்டர் படித்தவள். இரண்டு மாதமாக இங்கே ட்ரெயினிங். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று பாய் இந்த மாசக் கடைசியில் சொல்வார்.

மே 8, புதன்

வேலூர் போனோம். கடைக்காரர் மேசைமேல் இரண்டு பிராசஸரை வைத்தார். ஒன்று டெஸ்க்டாப்புக்கு, இன்னொன்று சர்வருக்கு. முப்பது வருஷம் தோலைச் சதுர அடியில் வாங்கியவன் நான். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இரண்டையும் அளந்தேன். சர்வருடையது பெரிசு. விரலால் தடவினேன் — தழும்பில்லை, உண்ணி கடித்த தடமில்லை. "முதல் தரம். இதையே எடு."

ரெனிட்டா நெற்றியில் கை வைத்தாள். "மாமா, அது தோல் இல்ல."

"உள்ள வேலை பாக்குற கோர் எத்தனை?"

"சர்வர்ல இந்த மாதிரி ரெண்டு போட்டா நாப்பத்துநாலு. டெஸ்க்டாப்ல எட்டு. ஆனா—"

"இன்னா ஆனா? நாப்பத்துநாலு ஆள் ஜாஸ்தியா, எட்டு ஆள் ஜாஸ்தியா?"

"ஒரு தோலை ஒரு ஆள்தான் வெட்ட முடியும் மாமா. நம்ம ப்ரோகிராமும் ஒரு தோலுக்கு ஒரு கோரைத்தான் கேக்கும். மீதி நாப்பத்துமூணும் நின்னு வேடிக்கை பாக்கும். டெஸ்க்டாப்ல ஆள் கம்மி, ஆனா ஒவ்வொருத்தனும் ரெண்டு மடங்கு வேகம்."

இரண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிடிக்காததைத் திருப்பலாம் என்றார் கடைக்காரர்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். என் மனைவி கரோலின் இந்த நோட்டைத் தொடமாட்டாள், தூசி ஒத்துக்கொள்ளாது. கடைக்காரர் பேசியதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: "சர்வருக்கு ஏசி ரூம் கட்டாயம் சார்." ஏசி ரூம் என்றால் உள்ளே காவலுக்கு ஒரு பெரிய மனுஷன் வேண்டாமா?

மே 10, வெள்ளி

நாளை போட்டி. இரண்டுக்கும் ஒரே தோல், பாய் கையில் ஸ்டாப்வாட்ச். "யார் சொல்றது சரின்னு பாத்துட்டு, இந்தப் பொண்ணு விஷயத்தையும் முடிவு பண்றேன்" என்றார் பாய்.

யாரும் இல்லாதபோது ஓட்டிப் பார்த்தேன். ஒரு மாட்டுத்தோல். டெஸ்க்டாப் நாற்பது விநாடி. என் ராட்சசன் தொண்ணூற்றைந்து.

கர்த்தாவே.

மே 11, சனி

ஜெயித்தேன். சர்வர் பன்னிரண்டே விநாடி!

எப்படி? டெஸ்க்டாப்பில் நான் ஏற்றியது முழு மாட்டுத்தோல். சர்வரில் ஏற்றியது கைக்குட்டை மாதிரி ஓர் ஆட்டுத்தோல். திரையில் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும்.

"மாஷா அல்லா, தேவானந்தம்!" என்று பாய் தோளில் தட்டினார். ஏசிக்கு அங்கேயே ஃபோன். பிறகு ரெனிட்டாவிடம், "படிப்பு வேற, தொழில் வேறம்மா. இந்த மாசத்தோட நீ வேற எடம் பாத்துக்க."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான் எங்கயோ தப்பா படிச்சிட்டேன் போல, மாமா."

மே 12, ஞாயிறு

ஆயர் எடுத்த வசனத்தில் ஆட்டுத்தோல் வந்தது. வருஷத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிறு இருக்க, அவருக்கு இன்றுதான் கிடைத்ததா?

கோயில் வாசலில் லில்லி பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவ நேத்துலருந்து சாப்புடல. எனக்கு ஒண்ணும் தெரியலம்மான்றா. நீ சொன்னாதான் கேப்பா."

நான் இன்னாத்த சொல்றது? என் மூஞ்சி, என் ஏசி — சே.

மே 13, திங்கள்

"பாய், அது ஆடு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். என் வாழ்நாளில் மிகைப்படுத்தாமல் பேசிய ஒரே மூன்று நிமிஷம் அதுதான்.

"ஆட்டுத்தோலை மாட்டுத்தோல்னு எவனாவது கொண்டாந்தா அவன் மேலயே தூக்கி வீசுற ஆள் நீ," என்றார் பாய். "இப்ப நான் எதைத் தூக்கி வீச?"

மறுபடி ஒரே தோலில் ஓட்டினோம். நாற்பது. தொண்ணூற்றைந்து.

"ஏன் மாமா?" என்றாள் ரெனிட்டா.

"ஏசிம்மா."

சிரித்துவிட்டாள். பாயும் சிரித்தார், கோபத்தோடு. "சர்வரைத் திருப்பி அனுப்பு!"

தடுத்தவள் ரெனிட்டா. "பாய், ஆர்டருக்கு முன்னூறு தோல் வருதே. எந்தத் தோல்ல எத்தனை ஜோடி கிடைக்கும்னு தெரிஞ்சப்புறம்தான வெட்டுறோம்? முன்னூறையும் ஒண்ணா குடுத்துப் பாப்போம்."

டெஸ்க்டாப்புக்கு இருபத்தெட்டு நிமிஷம் பிடித்தது. சர்வர் பன்னிரண்டில் முடித்தது. நாற்பத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு தோல் கிடைத்தால், ஒருத்தனும் வேடிக்கை பார்க்கவில்லை.

"ரெண்டும் இருக்கட்டும்" என்றார் பாய். என்னை என்ன செய்யப்போகிறாரோ? அதுதான் பயம்.

மே 20, திங்கள்

ஏசி மாட்டியாகிவிட்டது. பத்தொன்பது டிகிரி! சாவி ரெனிட்டாவிடம்.

மே 22, புதன்

கெஞ்சிச் சாவி வாங்கி, நாற்காலியோடு உள்ளே போனேன். சர்வரின் விசிறிகள் போடும் இரைச்சலில் என் மனசாட்சிகூடக் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் நாற்காலியோடு வெளியே வந்தேன்.

மே 31, வெள்ளி

ரெனிட்டாவுக்கு வேலை நிரந்தரம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "உன் மாமாவும் இனிமே உன் செக்‌ஷன்ல" என்றார் பாய்.

சர்வர் ஏசியில் ஏகாந்தமாக இருக்கிறது. டெஸ்க்டாப்பும் நானும் ஹாலில். சகிக்காமல் வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் கொண்டுபோனேன். ரெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைங்க. சூடாவுது."

திருப்பி வைத்தேன். கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தால், எனக்கும் காற்று வருகிறது.