வெள்ளித்தாள் சுற்றிய கம்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

இன்று விடிந்ததும் முதல் வேலையாக பேக்கரி ஓவனுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நூற்றெண்பது டிகிரியில் வைத்தாலும் சூடு நிற்காமல் ஏறி, தினமும் கேக் தீய்ந்துகொண்டிருந்தது. சூட்டை அளக்கும் கம்பியில் அழுக்குப் படக்கூடாதென்று முதலாளி பத்மாசினி அக்காவே வெள்ளித்தாள் சுற்றியிருக்கிறார்; தாள் மறைத்ததால் உண்மையான சூடு கம்பிக்கு எட்டவேயில்லை. பிரித்தேன், சரியாகிவிட்டது.

எனக்கு முன் இங்கே வேலை பார்த்த ஸ்நேகாவை, அக்கா "வெளங்காத கை" என்று தெருவே கேட்கத் திட்டித் துரத்தியது இந்தத் தீய்ச்சலுக்காகத்தான். இப்போது அவள் மாமியாரும் அவளை அடுப்பைத் தொடவிடுவதில்லையாம்.

தாளைக் காட்டியதும் அக்கா சிரித்தார். "அவதான் பூட்டாளே! இத்த இன்னாத்துக்கு வெளிய சொல்லிக்கினு? உனுக்கு வேல வேணுமா, வாணாமா?"

மோர்மிளகாய் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

அக்கா கூப்பிடுகிறார். ஞாயிறன்று ஸ்நேகா இருக்கும் கவரைப்பேட்டைக்குப் போய், அந்த மாமியார் எதிரிலேயே உண்மையைச் சொல்லப்போகிறேன். நான் போகப்போவது இன்னும் யாருக்கும் தெரியாது.

உங்கள் ரோஸ்லின்