முகத்துவாரத்துப் பறவைகள், நான்கு ஃப்ளாப்பிகளில்

நவம்பர் 4, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர். நஸ்ரீன் தன் அண்ணன் ஆபீஸில் சும்மா கிடந்ததை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். கல்லூரியில் என்னோடு சேர்ந்து பறவை எண்ணியவள். இப்போது ராயப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"இன்னாடி முழிக்கறே? பெரிய ஃப்ளாப்பி படிக்கற மிஷின் இப்ப வேற எங்க கீது?"

உண்மை. புது மிஷின்களில் சின்னதுதான் நுழையும். என் ஆராய்ச்சி நான்கு பெரிய ஃப்ளாப்பிகளில். அடையாறு முகத்துவாரத்தில் இரண்டு வருடம் எண்ணியது அத்தனையும். காகிதப் பிரதியைக் கரையான் தின்றாயிற்று. மகள் ஸ்வேதா பிறந்தபோது நிறுத்திய வேலை. ஆய்வேட்டை முடிக்கப் பல்கலைக்கழகம் இப்போது கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறது.

நவம்பர் 5, புதன்

ரிச்சி தெருவில் வாங்கியவை: பேட்டரி (பழையது செத்துப்போய், போடும்போதெல்லாம் தேதியை மறக்கிறது), சின்ன ஃப்ளாப்பி டிரைவ், கேபிள். வரும் வழியில் கொத்தமல்லி.

சாயங்காலம் அவர் டார்ச் பிடிக்க, என் கையில் திருப்புளி. கேபிளைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். டிரைவ் விளக்கு அணையவே இல்லை. மாற்றிச் செருகியதும் பெரியது, சின்னது, இரண்டும் தெரிந்தன. அவர் கை தட்டினார். நன்றாக இருந்தது.

மாமியார்: "மேஜை எப்போ காலியாகும்? எல்லாரும் தரையில உக்காந்து சாப்டுண்டிருக்கோம்."

நவம்பர் 6, வியாழன்

முதல் மூன்றும் சின்ன ஃப்ளாப்பிக்குக் காப்பி ஆகிவிட்டன. நான்காவது, கரகரவென்று சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. திரும்பத் திரும்ப அதே.

வலசைக் காலம் முழுதும் அதில்தான். அந்த உள்ளான் பறவைக் கூட்டங்கள் இப்போது அப்படி வருவதில்லை. மறுபடி எண்ணவும் வழியில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கருப்புத் தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை.

ராத்திரி ரசம் மட்டும்.

நவம்பர் 8, சனி

நஸ்ரீன் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஸ்பிரிட், பஞ்சு, கையுறை. உட்கார்ந்ததும் ஃப்ளாப்பி உறையின் ஓரத்தை பிளேடால் கீறினாள்.

"வெட்டாதேடி!"

"லேப்ல இத்தவிட மோசமானதெல்லாம் தொடச்சிகினு கீறேன். கம்முனு இரு."

தகட்டை உருவி எடுத்தாள். ஒரு சொட்டு சோப்பு, சுத்தமான தண்ணீர், பிறகு ஃபேன் அடியில். காய்ந்ததும் வேறொரு காலி ஃப்ளாப்பியின் உறைக்குள் நுழைத்தோம். டிரைவின் உள்பக்கத்தை ஸ்பிரிட் தொட்டு நான் துடைத்தேன். செருகினேன். அவள் வாய்க்குள் துவா. எனக்குக் கபாலி.

ஒவ்வொரு ஃபைல் பெயராகத் திரையில். ஜனவரியில் ஒரு வாரம் மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் வந்துவிட்டது. அழுதுவிட்டேன்.

"ஒரு வாரம்தானே, போவட்டும் வுடு. மீதி வந்துச்சே, அல்ஹம்துலில்லாஹ்."

இரண்டு பிரதி. ஒன்று அவளிடம். சேமியா பாயசம் கொடுத்தனுப்பினேன். அவள் செய்ததற்கு அதெல்லாம் எந்த மூலைக்கு?

நவம்பர் 10, திங்கள்

வெயில் வந்துவிட்டது. காலையிலிருந்து மூன்றாம் அத்தியாயம். கொசு உள்ளான் எண்ணிக்கை, அட்டவணைகள். குக்கர் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மாமியார் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். "நீ போ" என்று கையால் காட்டினார்.

பதினோரு மணி வாக்கில் போன். நாத்தனார்தான், மாம்பலத்திலிருந்து. மாமியார் எடுத்துச் சொன்னது இங்கே கேட்டது:

"அவ எழுதிண்டிருக்கா. இப்போ கூப்பிட மாட்டேன். சாயந்தரமா பண்ணு."