செட்டிமடை வாய்க்காலின் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னையிலிருந்து செந்தாமரை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

"சட்டசபையில நம்ம எம்.எல்.ஏ. வாய்க்காலப் பத்திப் பேசினாராமே, சபைப் புஸ்தகத்துல வந்துருச்சா?" என்று கேட்டாய். போனில் சொல்ல மனம் வரவில்லை.

இருநூற்று முப்பத்து நான்கு பேர் கொண்ட அவையில் நம் எம்.எல்.ஏ. எழுந்து "செட்டிமடை வாய்க்கால்" என்றதும், சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் அந்தப் பெயரை இரண்டு முறை எழுதிவிட்டேன். மேலவை இருந்த காலத்து அவைக்குறிப்புப் புத்தகங்களில்கூடத் தேடியிருக்கிறேன். எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அதே மூச்சில், தூர்வாராமலே வாரியதாகச் சொன்னவர்களைக் "களவாணிப் பயலுவ" என்றார். ஒரே கூச்சல். அந்தப் பேச்சு முழுவதையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார் சபாநாயகர். என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன்; வாய்க்காலின் பெயரும் அதோடு போய்விட்டது.

கும்பகோணம் ரோட்டில் நம் எம்.எல்.ஏ.வின் காரை மறித்து நீ திட்டினாயே, அதே வார்த்தை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கொஞ்சம் வடகம் அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்றும் வை. துவைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை.

அவை மணி அடித்துவிட்டது, போகிறேன். அவரை மறுபடி பார்த்தால் திட்டாதே, அம்மா. வாய்க்காலை மட்டும் சொல்.

உன் மகள்,
செந்தாமரை