இரண்டு பெட்டிகள்

ஸ்ரீரங்கம்
அக்டோபர் 6

அன்புள்ள லூர்துராணி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். நான் மருதையின் மனைவி. உங்கள் ஜூடுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், மே மாதம் அந்த மழையில் அவனோடு விழுந்து இறந்தவர், அவர்தான்.

கல்லறைத் திருநாளன்று ஜூடுக்கு ஒரு மாலை போட வரலாமா? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று அவன் கவலைப்படுவானாம். இவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
இளவேனில்

பாலக்கரை
அக்டோபர் 11

இளவேனிலுக்கு,

கடிதம் வந்தது. நீ வர வேண்டாம்.

அன்று காலை என் பிள்ளை போன் செய்தான். வானம் கறுத்துக் கிடக்கிறது என்றான். போகாதேடா என்றேன். “சார் போலாம்னா போகணும்மா, போர் நேரம்” என்றான். போருக்குப் பைலட் அவசரமாக வேண்டும் என்றால் படிக்கிற பிள்ளையை இடியிலும் மழையிலுமா ஏற்றுவது? உன் வீட்டுக்காரர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூட் இருந்திருப்பான். எனக்குக் கோபமில்லை என்று பொய் சொல்ல வரவில்லை.

மாத்திரை போடுகிறேன்.

லூர்துராணி

ஸ்ரீரங்கம்
அக்டோபர் 17

அம்மா,

கிளம்பலாம் என்று சொன்னது அவர்தான். மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதை நான் மூடி மறைக்க மாட்டேன். நீங்கள் திட்டுவது நியாயம்தான்.

ஆனால் மாலை ஜூடுக்கு மட்டுமில்லை. முதல் கடிதத்தில் இதை எழுதத் தைரியம் வரவில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று நம் இரண்டு வீட்டிலும் சொன்னார்களே, ஏன் என்று விமானப்படை முகாமிலிருந்து வந்த அதிகாரியைப் போன மாதம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ரெண்டு பேரையும் பிரிக்க முடியலம்மா. கிடைச்சதை ரெண்டு பெட்டியிலயும் வெச்சோம்” என்றார்.

உங்கள் கல்லறையில் இவரும் இருக்கிறார். நாங்கள் எரித்துச் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டோம். போய் நின்று அழ எனக்கு வேறு இடமில்லை அம்மா.

இளவேனில்

பாலக்கரை
அக்டோபர் 29

அன்புள்ள இளவேனிலுக்கு,

இத்தனை நாளும் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன்னையும் திட்டித் தீர்த்தேன்.

கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இரண்டாம் தேதி, திருநாளன்று சாயங்காலம், பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவார். ஒவ்வொரு கல்லறையிலும் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தீர்த்தம் தெளிப்பார். ஜூட் என்று சொல்லிவிட்டு மருதை என்றும் சொல்வேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது இன்னும் எனக்கு வரவில்லை. நீ வா.

நீ காவிரியில் கரைத்ததில் என் பிள்ளையும் இருந்திருப்பான் இல்லையா? மறுநாள் என்னை அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப் போ. எந்தப் படி என்று காட்டு. அங்கே என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியாது. நீ பக்கத்தில் நில்.

லூர்துராணி