பதிமூன்று பல் சக்கரமும் என் அவசர விரலும்

என்றைக்கும் என் ரஃபியாக இருக்கிறவனுக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. ஊர் வம்பையெல்லாம் முதலில் எழுதி உன்னைச் சிரிக்கவைத்துவிட்டு, கடைசியில் நைசாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் வண்டியைக் கெடுத்துவிட்டேன்.

உடைக்கவில்லை. உடைத்திருந்தால் ஒட்டியிருக்கலாம். நான்கு சக்கரமும் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ரிமோட்டை அமுக்கினால் ஓடுகிறது. ஆனால் அது உன் வண்டி இல்லை. இப்போதுதான் பெட்டியைப் பிரித்து எடுத்த யாரோ ஒருவனுடைய வண்டி.

இதை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ லிஃப்ட் மெக்கானிக். வீடு திருவல்லிக்கேணி, வேலை தி.நகர் துணிக்கடைகளில். நான் மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக்குச் செயலாளர். வேறு யாரும் தலைகொடுக்காததால் கிடைத்த பதவி. பன்னிரண்டு வருடம் முன்பு இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, லிஃப்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் அமுக்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து உன் குரல் வந்தது. "நைனா, அமுக்காத நைனா! நீ அமுக்க அமுக்க அது கோச்சிக்கினு கீது." அப்படி ஆரம்பித்தது நம் சிநேகம்.

பிறகு ஒரு நாள், ஒரு முழ நீளத்துக்கு ரிமோட் டிரக் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். பிரஷ்லெஸ் மோட்டார், பெரிய மணல் டயர். என் மனைவி வசந்தா சொன்னது நினைவிருக்கிறதா? "பேரன் எடுக்கிற வயசுல பொம்மை வண்டி. ஒருத்தர் ஓட்டுவாராம், இன்னொருத்தர் அது பின்னாலயே ஓடுவாராம். டாக்டர் நடக்கச் சொன்னா மட்டும் முட்டி வலி." சொல்லிவிட்டு உனக்கு மட்டும் காபி கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் பெசன்ட் நகர் கடற்கரை. குப்பத்துப் படகுகளுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் வெற்று மணல்தான் நம் மைதானம். மோட்டார் முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தைப் பினியன் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். பல் கூடினால் வேகம் கூடும், மோட்டாருக்குச் சுமையும் கூடும். தார் ரோட்டுக்குப் பத்தொன்பது பல், மணலுக்குப் பதிமூன்று. அதற்கும் அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்க்க, எங்கள் வீட்டு நாள்காட்டியில் கிழித்த தாளை நடுவில் கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை இறுக்குவாய். தாள் கிழியாமல் பல் தடம் மட்டும் விழுந்து வெளியே வரவேண்டும். "உங்க வூட்டுத் தாளுதான் நைனா கரெக்டு தடிமன்" என்பாய். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் தேதி இரண்டு நாள் முன்னால் ஓடியது. வசந்தா ஒரு கிருத்திகையையே தவறவிட்டாள்.

மோட்டார் சூடு பார்க்க உன்னிடம் ஒரு முறை இருந்தது. உலகத்தில் வேறு யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் ஓடியதும் வண்டியை நிறுத்தி, என் விரலைப் பிடித்து மோட்டார் மேல் வைப்பாய். "ஒரு வம்பு சொல்லு நைனா." நான் மாடி வீட்டு மருமகள் கதையைச் சொல்லவேண்டும். சொல்லி முடிக்கும்வரை விரல் தாங்கினால் சூடு சரி. பாதியிலேயே நான் விரலை உதறினால் வண்டிக்கு ஓய்வு, நமக்கு டீ. சில நாள் வம்பு சுவையாக இருந்தால், "இரு இரு, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ, அப்பறம் இன்னா ஆச்சு?" என்று என் விரலைப் பொசுக்கியும் இருக்கிறாய்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். உன் வீட்டுக்காரி நூர் அந்த வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் முன்பு, நீ இல்லாமல் முதல் முறையாக எடுத்துக்கொண்டு போனேன். கடற்கரையில் இரண்டு ஐடி இளைஞர்கள் புத்தம் புது டிரக்கோடு நின்றார்கள். அது சீறிக்கொண்டு போனது. நம்முடையது பின்னால் மரியாதையாக ஊர்ந்தது. அதில் ஒருவன், "அங்கிள், உங்களுது டீசலா?" என்றான்.

எனக்கு மானம் போய்விட்டது. அங்கேயே மணலில் உட்கார்ந்து பதிமூன்றைக் கழற்றிப் பத்தொன்பதை மாட்டினேன். மணலுக்குப் பத்தொன்பது! நீ பக்கத்தில் இருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாய். வண்டி பறந்தது, ரஃபி. பொய் சொல்ல மாட்டேன், ஐந்து நிமிடம் ராஜாவாக இருந்தேன். பத்து நிமிடம் ஆனதும் பழக்கத்தில் வண்டியை நிறுத்திக் குனிந்தேன். விரலை நீட்டினேன். யாரிடம் வம்பு சொல்வது? சும்மா விரலை வைத்துக்கொண்டு நிற்கப் பைத்தியமா எனக்கு? வைக்காமலே நிமிர்ந்துவிட்டேன். மறுபடியும் அமுக்கினேன்.

நடு மணலில் நின்றுபோனது. சிவப்பு விளக்கு மினுக்கியது. சூடு தாங்காமல் அதுவே தன்னை நிறுத்திக்கொண்டது என்று இப்போது தெரியும். ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால் போதும். நானா பொறுப்பவன்? இளைஞர்கள் பார்க்கிறார்கள். போனில் ஏதோ வீடியோவில் எவனோ சொன்னான், மோட்டாரின் வேகத்தை அடக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர் பெட்டியில் இருக்கும் சின்னப் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடியுங்கள் என்று. பிடித்தேன். நீளமாக ஒரு பீப். "சரி பண்ணிட்டேன்!" என்று கத்தினேன். அந்த நேரத்தில்தான் நீ வைத்த செட்டிங்கெல்லாம் அழிந்தது.

வீட்டுக்கு வந்து பதிமூன்றையே மாட்டினேன். தாளைக் கொடுத்து இடைவெளியும் வைத்தேன். அடுத்த ஞாயிறு ரிமோட்டைத் தொட்டதும் வண்டி பின்னங்காலில் எழுந்து மல்லாந்து விழுந்தது. நிமிர்த்தினேன், விழுந்தது. மீன் கூடையோடு வந்த தனலட்சுமி அக்கா நின்று பார்த்தது.

"இன்னா சார், பாய் வண்டிக்குப் பேய் புட்ச்சிக்கிச்சா? பூனை கணக்கா போவுமே அது."

"ஒண்ணுமில்லக்கா, செட்டிங் மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா, நீ மாத்திட்டியா?"

குனிந்து டயரில் மணலைத் தட்டினேன். அது மீன் விற்கிற கண், உன்னைப்போல எல்லாவற்றையும் செவுளைத் தூக்கிப் பார்க்கும்.

கிளம்பும் வேகம், பிரேக்கின் பிடி, எல்லாவற்றையும் அந்தப் பொத்தானால்தான் நீ வைத்தாய். எத்தனை பீப், எத்தனை மினுக்கல் என்று எண்ணி எண்ணி வைத்தாய். "லிஃப்ட் கெளம்பறது உள்ள கீறவனுக்குத் தெரியக் கூடாது நைனா, இதுவும் அப்டித்தான்" என்பாய். நீ எண்ணும்போது பக்கத்தில்தான் இருந்தேன். பஜ்ஜி தின்றுகொண்டு, யார் யாரை விவாகரத்து செய்கிறார்கள் என்று உன் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். "ஷ்ஷ்! எண்ணிக்கினு கீறேன்" என்று நீ முதலிலிருந்து ஆரம்பித்தாய். அந்த ஒரு காலை நான் வாயை மூடியிருந்தால், இன்று அந்த எண் என்னிடம் இருந்திருக்கும் இல்லையா?

போன வாரம் நூரிடம் போனேன், எங்காவது நீ எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்க. உன் சர்வீஸ் டைரியை எடுத்து வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எந்த லிஃப்ட் மழையில் உதறும், எந்தக் கதவு மூன்றாவது மாடியில் மட்டும் மக்கர் செய்யும் என்றெல்லாம் இருந்தது. வண்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அவர் எழுத மாட்டாருண்ணே. அது உங்க கைக்காக வெச்சதாச்சே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா? 'அவனுக்கு விரல்ல பொறுமையே இல்ல, அமுக்கினா ஒரேடியா அமுக்குவான், அதான் வண்டிக்குள்ள பொறுமைய வெச்சிருக்கேன்'னு சொல்லுவாரு. அவருக்கு அந்த வேகம் பத்தாதுண்ணே. மெதுவா போவுதுன்னு வீட்ல வந்து புலம்புவாரு. ஆனா மாத்த மாட்டாரு."

தி.நகர் கூட்டத்தையே தூக்கி இறக்கிய ஆள், ஞாயிறுதோறும் எனக்காக ஊர்ந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் நன்றாக ஓட்டுகிறேன் என்றல்லவா இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்! என் விரல் எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ தெரிந்துவைத்ததை ஒரு பொத்தானை அமுக்கி நானே அழித்தேன். வசந்தாவிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தால், வாயைத் திறந்ததும் வேடிக்கையாகத்தான் வருகிறது. அவள் சிரிக்கிறாள். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வாரமாக எண்ணிப் பார்த்துவிட்டேன், ரஃபி. மூன்று பீப், நான்கு பீப், எல்லாம். கிடைக்கவில்லை. கிடைக்காது. விட்டுவிட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது நூர் சொன்னாள். "ஒரு நாள் கூட அதை ஓட்டிப் பாத்ததில்லண்ணே நான். நீங்க ரெண்டு பேரும் என்னைக் கூட்டிட்டுப் போனதே இல்ல." குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். படி இறங்க எனக்கு வெகுநேரம் ஆனது.

என் கையில் அந்த வண்டி இனிமேல் கவிழ்ந்துகொண்டேதான் இருக்கும். கவிழட்டும். வருகிற ஞாயிறு நூரை அழைத்துப் போகிறேன். ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்துகொள்வேன். அவள் பயந்து அமுக்குவாளா, தயங்கி அமுக்குவாளா, விடும்போது எப்படி விடுகிறாள் என்று பார்ப்பேன். தெரிகிறவரை வாயைத் திறக்க மாட்டேன்; தெரிந்தபின் அவள் விரலுக்கு ஏற்றபடி எண்ணி வைப்பேன். எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி. இது உன் மேல் ஆணை.

உன் நூருக்கு அண்ணன்,
அந்த முறையில் உனக்கு மச்சான்,
சேகர்